தாமரைக் கண்மாயில் விரால் பிடிக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழையில் கண்மாய்கள் பெருகியதும் சிவகங்கைப் பக்கக் கரைகளில் ரப்பர் தவளையோடு நிற்கும் இளைஞர்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். முள் மழுங்கியிருப்பது, முடிச்சு நழுவுவது, நிழல் தண்ணீரில் விழுகிறபடி நிற்பது போன்றவற்றை நாலு மீனைத் தவறவிட்டால் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

முதலில் கையில் இருக்கும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ரப்பர் தவளை அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்களிடம் வளர்ந்து நம்மிடம் வந்த தூண்டில். உள்ளே வெறும் காற்று. இரண்டு முள்ளும் முதுகை ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் தாமரை இலை, அல்லி, ஆகாயத்தாமரை எதிலும் சிக்காமல் ஊர்ந்து வரும். மீன் வாயை மூடும்போது ரப்பர் உடல் நசுங்கும். அப்போதுதான் முள் வெளியே தலைகாட்டும்.

தங்கூசி நரம்பைக் கட்டுவது

தங்கூசி என்பது ஒற்றை இழை நைலான் நரம்பு. திறந்த தண்ணீரில் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அது போதும். தாமரைக்கு நடுவே போதாது. தங்கூசி நீளும். இருபது மீட்டர் தள்ளி விரால் கவ்வும்போது நீங்கள் சுண்டுகிற வேகத்தில் பெரும்பகுதி அந்த நீட்சியிலேயே கரைந்துவிடும். அதன் தாடை எலும்பில் முள் ஏறாது. தப்பித்தவறி ஏறினாலும், அடுத்த நொடி மீன் தலையைக் கவிழ்த்துத் தண்டுக் கூட்டத்துக்குள் பாயும். அங்கே நாலு தண்டில் சுற்றிக்கொண்டால் நரம்பும் போச்சு, தவளையும் போச்சு.

40 அல்லது 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு நரம்பு, அதாவது பல இழைகளைப் பின்னிய நரம்பு, கட்டுங்கள். அது நீளாது, இழுத்தால் தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டு வரும். ராடு விறைப்பாக இருக்கட்டும். நெய்வேலிக் காட்டாமணக்கின் தண்டை மட்டும் எந்த நரம்பாலும் அறுக்க முடியாது. அந்தப் புதருக்குள் வீசாமல் அதன் ஓரத்தை ஒட்டி வீசுங்கள். விரால் நிற்கிற இடமும் அந்த ஓரம்தான்.

தண்ணீர் தெறித்ததும் சுண்டி இழுப்பது

இலைக்கூரைக்கு அடியில் நிற்கும் விராலுக்கு மேலே போகும் தவளை முழுதாகத் தெரிவதில்லை. இலையின் அசைவை உணர்ந்து, குத்துமதிப்பாக மேல்நோக்கிப் பாய்கிறது. அதனால் முதல் பாய்ச்சலில் தவளை பலமுறை அதன் வாய்க்குள் போவதே இல்லை. இலை கிழிகிறது, தண்ணீர் தெறிக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கே கை சுண்டினால் தவளை உங்கள் தலைக்கு மேல் பறந்து வரும். இரட்டை முள்ளோடு முகத்துக்கு நேராக வருவது சின்ன விஷயம் இல்லை.

தெறிப்பைப் பார்த்து இழுக்காதீர்கள். தவளை மறைந்ததா, நரம்பில் கனம் தெரிகிறதா என்று பாருங்கள். ராடு நுனியைத் தாழ்த்தி, தளர்வைச் சுற்றி எடுத்து, கனம் ஏறிய பிறகு ஒரே இழுப்பு. மீன் பின்தொடர்ந்து வருவதை இலைகளின் அசைவில் பார்த்தால் வேகத்தை மாற்றாமல் அப்படியே கொண்டுவாருங்கள். பாஸ் மீன் வீடியோக்களில் தவளையை நிறுத்தி நிறுத்தி ஆட்டுவார்கள். நம் கண்மாய்களில், என் அனுபவத்தில், ஒரே சீராக வரும் தவளையைத்தான் விரால் சரியாகக் கவ்வுகிறது.

குஞ்சு காக்கும் விராலை அடிப்பது

நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மழைக்காலம் விராலின் இனப்பெருக்கக் காலம். கரையோரச் செடிகளுக்கு நடுவே தாயும் தகப்பனுமாகச் சிறு வட்டம் ஒன்றைத் துப்புரவாக்கி முட்டை இடும். முட்டை மிதக்கும், ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு பல வாரங்கள் குஞ்சுகளை விட்டு அவை நகர்வதில்லை. குஞ்சுகள் செந்நிறத்தில், கூட்டமாக, ஒரே கட்டாக நகரும். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் வளர வளரக் குஞ்சுகளும் மூச்சுக்கு மேலே வரத் தொடங்கும். அப்போது இலைகளுக்கு இடையில் ஒரு முழ அகலத் தண்ணீர் மட்டும் உலை கொதிப்பதுபோல் குமிழியிடும். சில நொடிகளில் அடங்கும். சற்றுத் தள்ளி மறுபடி கொதிக்கும். அதற்கு நேர் கீழே, ஒரு சாண் ஆழத்தில், பெரிய மீன் நிற்கிறது.

அதன்மேல் எதை இழுத்தாலும் அடிக்கும். தவளை என்றில்லை, வெறும் தக்கையை இழுத்தாலும் அடிக்கும். அதற்குப் பசியில்லை, குஞ்சைத் தின்ன வந்த ஏதோ ஒன்று என்று நினைத்து விரட்டுகிறது. இதைத்தான் புதியவர்கள் தங்கள் திறமை என்று எண்ணிக்கொள்கிறார்கள். காலையிலிருந்து ஒரு கடியும் இல்லாதவருக்கு அந்தக் கொதிப்பைக் கண்டதும் கை நிற்பதில்லை.

ஒருமுறை கண்மாயின் உபரி நீர் வழியும் கலுங்குக்குப் பக்கத்தில் ஒரு தம்பி இப்படிக் குஞ்சுக் கூட்டத்தின்மேல் வீசிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்றைக் கரையேற்றிவிட்டார். தலை பெருத்து, வயிறு முதுகோடு ஒட்டிப் போன மீன். காவலில் நிற்கிற விரால் அப்படித்தான் இருக்கும். சரியாக இரை எடுத்திருக்காது. “தம்பி, அது குஞ்சு காக்கிற மீன், விட்டுவிடுங்கள்” என்றேன். “இன்னொன்றும் அங்கேயே நிற்கிறது அண்ணே” என்று சிரித்துக்கொண்டே மறுபடி வீசினார். அந்த இரண்டாவதும் வந்தது. ஒரு வீட்டுக் குழம்புக்குக்கூடக் காணாத சதை.

அதன் பிறகு அந்தக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டாக இருந்த கூட்டம் தளர்ந்து நாலு பக்கமும் பிரிந்தது. முதலில் வந்தது முக்குளிப்பான். ஒவ்வொரு முறை மூழ்கி எழும்போதும் அதன் அலகில் ஒரு சிவப்புத் துணுக்கு. பிறகு மடைக்கல்லில் இருந்து மீன்கொத்தி. குஞ்சுகள் மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும்; மேலே வந்தால் காவலுக்கு ஆள் இல்லை. அந்தத் தம்பி தவளையில் ஒட்டிய பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபம் இன்றும் முழுதாக ஆறவில்லை.

“எப்படியும் கண்மாய் மீனை ஏலம் எடுத்தவர் வலை போட்டு அள்ளத்தானே போகிறார்” என்று ஒரு வாதம் உண்டு. வலை வருவது மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கிய பிறகு. அதற்குள் ஐப்பசிக் குஞ்சுகள் தனியே பிழைக்கிற அளவுக்கு வளர்ந்துவிடும். சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கடத்தும் திறமும் விராலுக்கு உண்டு. இன்னொன்றையும் யோசியுங்கள்: கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்கள். விரால் குஞ்சைக் கொண்டுவந்து விட்டவரை எங்கள் கண்மாய்களில் நான் பார்த்ததில்லை. தானாக வருகிற மீன் அது. நீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழாவில் ஊரே ஊத்தாவோடு (மீன்மேல் கவிழ்க்கும் அடியில்லாக் கூடை) இறங்கும்போது ஊத்தாவுக்குள் முட்டுகிற விரால், முந்தைய மழைக்காலங்களில் தாய்விரால் காத்துக் கொடுத்தது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, மீன் பெருகட்டும் என்று. கண்மாய்க் கரையில் உங்கள் கையைப் பிடித்து நிறுத்த யாரும் வருவதில்லை. எனவே நீங்களே நிறுத்துங்கள். கொதிப்பைக் கண்டால் அந்த மூலையை விட்டு நகருங்கள். தெரியாமல் வீசி மாட்டிவிட்டால் ஈரக் கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, அதே இடத்தில் உடனே விடுங்கள். படம் எடுக்க நேரம் போக்காதீர்கள்; நீங்கள் படம் எடுக்கிற நேரத்தில் அங்கே குஞ்சுகள் காவலின்றி இருக்கின்றன.

உயிருள்ள தவளையைக் கோர்ப்பது

வேண்டாம். தவளைக்கால் ஏற்றுமதியையே 1987இல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. வயல் பூச்சியைத் தின்னும் உயிரை முள்ளில் குத்த வேண்டிய தேவை இன்று யாருக்கும் இல்லை.

ரப்பர் தவளையைப் பிழியாமல் வீசுவது

உள்ளே தண்ணீர் ஏறினால் மூழ்கும். அடிக்கடி பிழியுங்கள்.

தவறிய இடத்தை விட்டுப் போவது

விரால் பாய்ந்து தவறிய இடத்தில் இலைகளுக்கு நடுவே ஒரு துளை இருக்கும். மீன் பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. துளைக்கு இரண்டு மீட்டர் அப்பால் தவளையை விழவைத்து, துளையின் மேலாக மெதுவாகக் கொண்டுவாருங்கள். துளைக்குள் நேராகப் போட்டால் விழும் சத்தத்திலேயே ஓடிவிடும்.

மூச்சு விட்ட இடத்தை நோக்கி ஓடுவது

பெரிய விரால் மூச்சு எடுக்க மேலே வரும்போது “களக்” என்று ஒரு சத்தம் கேட்கும். இலை ஒன்று லேசாக நிமிரும். உடனே கரையில் தடதடவென்று ஓடுகிறார்கள். கரை அதிர்ந்தால் தண்ணீரும் அதிரும். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். மூச்சு எடுத்த மீன் சற்று நேரத்துக்கு மறுபடி வராது. ஆனால் தொலைவு போயிருக்காது. இலைகள் அசைகின்றனவா என்று பார்த்து, அது நகர்கிற திசைக்கு முன்னால் வீசுங்கள்.

பிடித்த மீனைச் சாக்கில் கட்டித் தண்ணீருக்குள் அமுக்கி வைப்பது

காற்றில்லாமல் செத்துவிடும். சாக்கின் வாய்ப்பக்கம் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும்.

கேட்காமல் இறங்குவது

பெரும்பாலான கண்மாய்களின் மீன்பாசி உரிமை (மீன் பிடிக்கும் உரிமை) ஏலத்தில் போயிருக்கும். ஏலம் எடுத்தவர் பணம் கட்டியிருக்கிறார். அவரிடம் முதலில் கேளுங்கள். தூண்டிலுக்கு மறுக்காதவர்களும் இருக்கிறார்கள். யார் எடுத்திருக்கிறார் என்பது ஊராட்சி அலுவலகத்திலோ கரையோர டீக்கடையிலோ தெரிந்துவிடும்.