கடலோர வீட்டில் சிறிய அலுவலகம்: எதை முதலில் வாங்குவது?

கருவாட்டு வியாபாரிக்கு ஜிஎஸ்டி கணக்கு, கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழுவுக்கு வரவு செலவு, பள்ளிப் பிள்ளைகளுக்கு இணைய வழி டியூஷன், மொழிபெயர்ப்பு. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “எந்த லேப்டாப் வாங்கலாம்?” என்பதுதான். லேப்டாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன். இங்கே சாதனங்களைக் கெடுப்பவை உப்புக்காற்றும் ஏறி இறங்கும் கரண்டும். கையில் உள்ள பணத்தை முதலில் இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள். மீதியில் வாங்கும் நடுத்தர லேப்டாப்பே பல ஆண்டுகள் உழைக்கும்.

படி 1: அறையைத் தேர்ந்தெடுங்கள்

கடல் தெரியும் ஜன்னலோரத்தில் மேசை போட யாருக்கும் ஆசை வரும். வேண்டாம். காற்றோடு வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சாதனத்தின் மேல் படிகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும், படிந்த உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடுகிறது. மழை படாத, தண்ணீர் சிந்தாத அறையிலும் செம்பு பச்சை பூப்பதும் இரும்பு துருவேறுவதும் இதனால்தான்.

எந்த அறை நல்லது என்பதை வீடே சொல்லிவிடும். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய், சுவிட்ச் போர்டின் திருகாணிகளையும் கதவுக் கீல்களையும் உற்றுப் பாருங்கள். கடல் பார்த்த சுவரில் திருகாணித் தலையின் வெட்டுக்குள் செம்பழுப்புத் துரு அப்பியிருக்கும். பித்தளைப் பாகங்களில் பச்சைப் பொடி ஒட்டியிருக்கும். உள்பக்க அறை ஒன்றில் அதே வயதுடைய திருகாணி இன்னும் மின்னிக்கொண்டிருக்கலாம். உங்கள் மேசைக்கு அந்த அறைதான்.

இராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் கடல் என்பதை மறக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகடல் பக்கமிருந்து அடிக்கும். வைகாசி தொடங்கித் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். ஒரு பருவத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஏசி கட்டாயமில்லை. இருந்தால், அணைத்த கையோடு ஜன்னலைத் திறக்காதீர்கள். குளிர்ந்திருக்கும் லேப்டாப்பின் மேல் ஈரக்காற்று பட்டால் நீர் பூத்துவிடும்.

படி 2: எர்த் இணைப்பைச் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும். மேல் துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இருக்காது. இருந்தாலும், தரைக்குள் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உப்புநீரில் அரித்துப் போயிருக்கலாம்.

தெரிந்த எலெக்ட்ரீஷியனை வரவழைத்து மல்டிமீட்டரால் மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே கையை வைக்க வேண்டாம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்று காட்டினால் எர்த்திலோ நியூட்ரலிலோ கோளாறு உண்டு. லேப்டாப்பைச் சார்ஜில் போட்டபடி தொடும்போது விரல் நுனியில் சுருசுருவென்று உணர்ந்தால், சார்ஜருக்கு எர்த் சரியாகக் கிடைக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

புதிய எர்த் குழி போடுவதானால் இரண்டைக் கவனியுங்கள். நம் மேல்மணல் வெயிலில் காய்ந்தால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆகவே கம்பி ஈரம் தட்டும் ஆழம் வரை இறங்க வேண்டும். அடுத்து, குழியில் கல்லுப்பும் கரியும் கொட்டும் பழைய வழக்கம். ஏற்கெனவே உப்பு ஊறிய மண்ணில் மேலும் உப்பைக் கொட்டினால் குழாய்தான் விரைவில் அரிக்கும். செம்பு பூசிய கம்பியைப் போட்டு, ஈரம் காக்கும் பென்டோனைட் களிமண்ணை நிரப்பச் சொல்லுங்கள். செலவு கூடத்தான் செய்யும், ஆனால் இங்கே அதுதான் நிலைக்கிறது.

கூடவே, மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் கரண்டை உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் மாட்டிவிடுங்கள். அது சாதனத்துக்கல்ல, உங்கள் உயிருக்கு. மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

படி 3: இன்வெர்ட்டரின் அளவைக் கணக்கிடுங்கள்

கடைக்காரரிடம் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். லேப்டாப் சார்ஜர் 65 வாட், ரவுட்டர் 12, எல்இடி விளக்கு 9, சாதாரண மின்விசிறி 75. மொத்தம் 161 வாட். மின்விசிறியைக் குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி வகைக்கு மாற்றினால் 75 என்பது 30 ஆகக் குறைந்துவிடும். பெரிய பேட்டரி வாங்குவதைவிட இது மலிவான வழி.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட்-மணி இருக்கிறது. இழப்புகள் போக மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 161 வாட்டுக்கு ஏழு மணி நேரம் தாங்கும். ஒரு பகல் வேலைக்கு அது போதும். இன்வெர்ட்டர், வீட்டுக் கரண்டைப் போலவே சீரான அலையைத் தரும் சைன் வேவ் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

பேட்டரிக்கு ஊற்றக் கிணற்றுநீர் கூடவே கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும். முனைகளில் வாசலின் தடவினால் பூப்பு பிடிக்காது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் படுக்கையறையில் வைக்காதீர்கள்.

படி 4: இணையம்

பைபர் இணைப்பு உங்கள் தெருவுக்கு வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதன் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அது துருப்பிடிக்காது, இடி மின்னலைச் செம்புக் கம்பிபோல வீட்டுக்குள் கடத்தியும் வராது. புயல் காற்றில் கம்பம் சாய்ந்தால் அறுந்துபோகும், அவ்வளவுதான். அந்த நாளுக்காக வேறொரு நிறுவனத்தின் சிம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும். வாங்குமுன் அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரை அழைத்து, உங்கள் மேசையருகே சிக்னலைச் சோதித்துப் பாருங்கள்.

இன்வெர்ட்டருக்கு இப்போது வசதியில்லை என்றால் ரவுட்டருக்கு மட்டும், கரண்ட் போனாலும் அதை ஓட்டும் சிறு பேட்டரிப் பெட்டியான மினி யூபிஎஸ் வாங்கலாம். ரவுட்டர் அடாப்டரின் பின்புறம் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வோல்ட் கூடினால் ரவுட்டர் கருகிவிடலாம்.

படி 5: இப்போது லேப்டாப்

டெஸ்க்டாப் வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. கரண்ட் கூடுதலாக இழுக்கும். அதன் மின்விசிறிகள் உப்புக்காற்றை நாள் முழுக்க மதர்போர்டின் மேல் ஓடவிடும். லேப்டாப்புக்கோ சொந்த பேட்டரியே இருக்கிறது. கணக்கு, கடிதம், காணொளி வகுப்பு ஆகியவற்றுக்கு 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போதும். இயன்றால் 16 ஜிபி.

பழைய லேப்டாப் வாங்குவதில் தவறில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே இன்டெல் என்றால் விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள். யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

புதிதென்றால், உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஒரு சிறு பழுதுக்காக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்வந்தால் ஒரு நாள் வேலை போய்விடும். வாரண்டியில் துரு அடங்குமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது.

தனி விசைப்பலகை ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். அது அரித்துப்போனால் சில நூறு ரூபாயோடு போகும். லேப்டாப்பின் சொந்த விசைகள் போனால் ஆயிரக்கணக்கில் செலவு. தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 முறையைத் தொடக்கத்திலேயே பழகிவிடுங்கள்.

படி 6: பிரிண்டரும் மற்றவையும்

எப்போதாவது அச்செடுப்பவர் கடைக்குப் போய் எடுப்பதே சிக்கனம். வாரந்தோறும் தேவைப்பட்டால் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வாங்குங்கள். பயன்படுத்தாமல் கிடந்தால் மை காய்ந்து துளை அடைக்கும் தொல்லை அதில் இல்லை. ஆனால் அதை இன்வெர்ட்டரிலோ யூபிஎஸ்ஸிலோ இணைக்காதீர்கள். உள்ளே சூடேறும் கணத்தில் பல நூறு வாட் இழுத்துவிடும். தாள் கட்டைப் பிரித்தால், மீதியை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரம் ஏறிய தாள்தான் உள்ளே சிக்குகிறது.

நாற்காலி முதுகுக்குப் பொருந்த வேண்டும், இரும்புக் கால் வேண்டாம். காற்றின் இரைச்சல் கேட்காமலிருக்க வாயருகே மைக் வரும் ஹெட்செட் போதும். கணக்குகளின் நகல் ஒன்று வெளிப்புற வட்டில், இன்னொன்று கிளவுடில்.

படி 7: ஒத்திகை

எல்லாவற்றையும் இணைத்த பிறகு, வேலை இல்லாத ஒரு காலையில் மெயினை அணைத்துவிட்டு வழக்கம்போல் உட்காருங்கள். இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்குகிறது, ரவுட்டர் இடையில் அணைகிறதா, சிம் இணைப்பு காணொளி அழைப்பைத் தாங்குகிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் தாங்கிய நேரத்தைத் தேதியோடு ஓர் அட்டையில் எழுதிப் பேட்டரிக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குறிப்பாக ஐப்பசி மழைக்கு முன்பு, இதையே மீண்டும் செய்யுங்கள். அட்டையில் முதலில் எழுதிய நேரம் பாதியாகக் குறைந்துவிட்டால் புதிய பேட்டரிக்குச் சொல்லிவைக்கலாம்.