தாடைச் சீரமைப்பு அறுவைக்குப் பின் வீக்கம்: ஸ்டீராய்டு கொடுக்கும் முறை

வீக்கம் உச்சத்துக்குப் போவது 2, 3ஆம் நாளில். மருந்து உடலில் இருக்க வேண்டியதோ கத்தி படுவதற்கு முன்பே. வீங்கிய பிறகு கொடுத்தால் பலன் குறைவு.

பெரியவர்களுக்கு வழக்கமாக டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி., சிரை (ரத்தக்குழாய்) வழியாக. மயக்க மருந்தில் நோயாளி மயங்கிய பிறகு மெதுவாகச் செலுத்துங்கள். விழித்திருப்பவருக்கு வேகமாகப் போட்டால் பிறப்புறுப்பைச் சுற்றிக் கடும் எரிச்சல் வரும், பாவம், துடித்துப்போவார். தேவைப்பட்டால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து, 24 மணி நேரத்தில் நிறுத்தலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை.

சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை ஏறும், அடிக்கடி பாருங்கள். காய்ச்சல் மறைந்துபோகலாம் என்பதால் தொற்றையும் தேடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென இறுகி வீங்கினால் ரத்தக்கட்டாக இருக்கலாம்: இன்னொரு டோஸ் போட்டுக் காத்திருக்காமல் மூச்சுப்பாதையைக் கவனியுங்கள்.