வெள்ளத்தில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிட்டது. செய்துங்கநல்லூர் போகிற வழியில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. காயல்பட்டினத்தில் அன்றைக்கு மட்டும் 95 செ.மீ. மழை. ரயிலில் ஏறத்தாழ 800 பேர். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள், மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே கிடந்து 19ஆம் தேதிதான் ஊர் போய்ச் சேர வழி கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு 2015 டிசம்பர் சென்னை வெள்ளம்தான் ஞாபகம் வந்தது. முடிச்சூர் பக்கம் ஒரு வீட்டு முதல் மாடியில் 14 பேர், இரண்டு ராத்திரி, பாதிப் பேருக்குப் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது.

முதலில் வயிற்றைப் பாருங்கள். பசியோடு இருப்பவரிடம் கதை கேட்க முடியாது. யாரிடம் என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஓர் இடத்தில் வையுங்கள், ஒரே ஒரு போனை மட்டும் ஆன் செய்து வைத்துவிட்டு மற்றதை அணைக்கச் சொல்லுங்கள். போன் அணைந்த அரை மணி நேரத்தில் ஆட்கள் தானாகவே பேச ஆரம்பிப்பார்கள், இது நான் கண்ணால் பார்த்தது.

அப்புறம் என்ன கேட்பது? நம்மூரில் பேச்சு ஆரம்பிப்பதே "எந்த ஊரு?"தான். கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊருக்கு அடுத்து எந்தத் தெரு, அதற்கு அடுத்து யார் வீட்டுப் பிள்ளை என்று போனால் எங்கே போய் முடியும் என்று நம் எல்லாருக்கும் தெரியும், எதிரே இருப்பவர் அந்த நிமிடமே வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பதில் "இந்நேரம் எங்க இருந்திருக்கணும் நீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எங்களோடு இருந்த ஒரு பாட்டி, பேத்தி சீமந்தத்துக்குச் சுட்ட முறுக்கை ஒரு தூக்குவாளி நிறைய மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தொடவிடவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதும் சீமந்தக் கதை முழுவதையும் சொல்லி முடித்து, மூடியைத் திறந்து, ஆளுக்கு இரண்டு என்று எண்ணிக் கொடுத்தார்.

யாரும் வாய் திறக்கவில்லை என்றால் நீங்களே ஆரம்பியுங்கள், நீங்கள் அசடு வழிந்த கதையாகப் பார்த்து. சாதனைக் கதை வேண்டாம், "நான் அந்தக் காலத்துல" என்று ஒருவர் தொடங்கினாலே மற்றவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும் (அது வந்தாலும் நல்லதுதான், தூங்கட்டும்). பேசாதவரைப் பிடித்து இழுக்காதீர்கள். இறந்தவர்களைப் பற்றி யாராவது தானாக எடுத்தால் கேளுங்கள், ஆறுதல் சொல்ல அவசரப்படாமல் "ம்" போட்டால் போதும். ஏரி உடைந்துவிட்டதாம், பாலம் போய்விட்டதாம் என்று "ஆம்" போட்டு வருகிற எதையும் கதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழந்தைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

முக்கியமானது, நன்றாகக் கதை சொல்கிற ஆளை முன்னிரவிலேயே தீர்த்துவிடக் கூடாது. இரண்டு மணிக்கு மேல் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும், பயம் அப்போதுதான் பிடிக்கும், அந்த நேரத்துக்கு அவர் வேண்டும். எங்களுக்கு அப்படி வாய்த்தவர் கீழ் வீட்டுக்காரர். அதுவரை அவரை எனக்கு கேட்டை அடைத்து பைக் நிறுத்துகிற ஆளாகத்தான் தெரியும். பதினாறு வயதில் விருதுநகரில் இருந்து டிக்கெட் இல்லாமல் ஓடி வந்த கதையை விடிய விடிய இழுத்தார், எழும்பூரில் டிடிஇ எதிரே வந்து நிற்கிற இடத்தில் படகு வந்துவிட்டது.

படகு வந்தால் கதையை அங்கேயே விட்டுவிட்டு ஏறிவிடுங்கள். பொங்கலுக்கு முதல் நாள் பால் வாங்கப் போன கடையில்தான் அவரைத் திரும்பப் பார்த்தேன். பிடித்துவிட்டாராம்.