இலங்கைத் தோட்டத்துப் பழைய தாள்களை அடுக்கி வைக்கும் முறை

கேரளத்தின் புனலூர், குளத்துப்புழை பக்கத்தில், இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய ரப்பர் தோட்டக் குடும்பங்களில் தாத்தா பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இலங்கைத் தாள்கள் இன்னும் கிடக்கின்றன. எந்தச் சட்டம் எந்தத் தாளை உண்டாக்கியது என்று பார்த்து மூன்று கட்டாகப் பிரியுங்கள்.

முதல் கட்டு, பிறப்புப் பதிவுகள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், நடந்த பிரசவங்கள் பல பதிவாகவே இல்லை. ஆகவே இந்தக் கட்டு மெலிந்திருந்தால் அது குடும்பத்தின் கவனக்குறைவு அல்ல. இல்லாத சான்றைக் கேட்டுக் குடியுரிமை மறுத்த அநீதியின் தடயம்.

இரண்டாவது, இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் இலங்கைக் குடியுரிமை கேட்க வழிசெய்த 1949 சட்டப்படி கொடுத்த மனுக்கள். மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. நிராகரிப்புக் கடிதம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். குடியுரிமையும் அதோடு வாக்குரிமையும் போன கதைக்கு அதுதான் சாட்சி.

மூன்றாவது, இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிந்திய பாஸ்போர்ட், குடும்ப அட்டை. அந்த ஒப்பந்தம் குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். ஒன்றில் 'பெருமாள் ராமாயி', இன்னொன்றில் 'ராமாயி பி.' என்றிருக்கும். பேனாவால் திருத்தினால் தாளே செல்லாமல் போகும். கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையம் வழியாக வில்லேஜ் ஆபீஸில், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று காட்டும் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

லேமினேஷன் வேண்டாம், செலோ டேப்பும் வேண்டாம். பசை மையைத் தின்றுவிடும். முத்திரை பின்பக்கத்திலும் இருக்கும், இருபுறமும் படமெடுங்கள்.