ஜி பியூகிளிலிருந்து மாறும்போது

உங்கள் அமெரிக்கப் பெரியவர் டிரம் கோரை (பித்தளை ஊதுகருவியும் முரசும் வாசிக்கும் அணிவகுப்புக் குழு) ஜி சுருதியில் அமைந்த பழைய பியூகிள் ஊதுகருவிகளிலிருந்து இன்றைய பித்தளைக் கருவிகளுக்கு மாற்றுகிறீர்களா? முதலில் இசைக்குறிப்புத் தாளைப் பாருங்கள். ஜி வரிசையில் எல்லாக் கருவியும் ஒரே சுருதி, ஒரே கணக்கு. இப்போது டிரம்பெட், பாரிடோன் எல்லாம் பி ஃபிளாட் சுருதி, மெலஃபோன் என்ற ஊதுகருவி மட்டும் எஃப் என்பதால் பழைய தாளை அப்படியே வாசித்தால் மற்றதெல்லாம் மூன்று அரைத்தொனி (அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையிலான மிகச் சிறிய படி) ஏறும், மெலஃபோன் இரண்டு இறங்கும், காது கொடுத்துக் கேட்க முடியாது. அதனால் மெலஃபோன் தாளை ஐந்து அரைத்தொனி ஏற்றி எழுதிவிடுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம், விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் வால்வுகளில் இரண்டிலேயே பழகிய மூத்தவர்களுக்கு மூன்றாவது வால்வு விரலில் படிய அவகாசம் கொடுங்கள். முணுமுணுப்பார்கள்தான். இளைஞர் டிரம் கோர்களின் போட்டி அமைப்பான டிசிஐ (டிரம் கோர் இன்டர்நேஷனல்) 2000 சீசனிலேயே ஜி கருவிதான் வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். பழைய பியூகிள்களை விற்காதீர்கள், அணிவகுப்பில் ஒரு பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே பாட்டில் இரண்டையும் கலக்க வேண்டாம்.