ஆப் வைத்து தினமும் எழுதப் பழகுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து, எழுதும் ஆசையோடு அங்கே வந்து உட்காரும் இளைஞர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். சிலர் எழுதியதைக் காட்டுவார்கள். கூடவே போனை நீட்டி, இன்றைக்கு இத்தனை சொல், விடாமல் இத்தனை நாள் என்று ஆப் போட்டு வைத்திருக்கும் கணக்கையும் காட்டுவார்கள். ஆரம்பத்தில் நான் தடுக்கி விழுந்த இடங்களிலேயே இவர்களும் விழுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போது வாட்ஸ்அப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஆங்கில ஆப்பின் சொல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். எத்தனையோ பேரிடம் சொல்லியும் இன்னும் எனக்கு எரிச்சல் தீரவில்லை.

தினமும் 750 சொல் என்ற இலக்கு எங்கிருந்து வந்தது? காலையில் எழுந்ததும் மூன்று பக்கம் கையால் எழுதும் பழக்கம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடம் உண்டு. பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்து, பஸ்டர் பென்சன் என்பவர் 2009இல் 750வேர்ட்ஸ் தளத்தைத் தொடங்கினார். இன்னொரு எண் 1,667. நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொல்லில் நாவல் எழுதி முடிக்கும் நானோரைமோவின் தினசரிப் பங்கு அது. 1999இல் தொடங்கிய அந்த முயற்சியை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது, எண் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு.

ஆப் இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணுகிறது. தமிழில் உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது ஆப்புக்கு ஒரே சொல், இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறு சொல்லாவது ஆகும். ஆகவே தமிழில் 750 என்பது அந்த மூன்று பக்கத்தைவிட நிறைய வேலை, பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு மூச்சு முட்டிவிடும்.

மூச்சு முட்டுவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் பெண் ஒருத்தி, கடை முடிந்து திருமங்கலம் பஸ்ஸில் போகும்போது போனில் எழுதுவாள். முதலில் அவள் காட்டியதில் இப்படி ஒரு வரி இருந்தது: “அத்தை சேலையை மடிப்புக் கலையாமல் எடுத்துப்பார்த்துவிட்டு விலை கேட்காமலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.” விலை கேட்காமல் போனதற்குள் அந்த அத்தையின் நிலைமை முழுக்கத் தெரிகிறது. ஆப்பில் சேர்ந்து சில வாரம் கழித்து அதையே திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள்: “அத்தை அந்த சேலையை மடிப்பு கலையாமல் எடுத்து பார்த்து விட்டு விலை கேட்காமல் வைத்து விட்டு போய் விட்டாள் என்பது குறிப்பிட தக்க ஒரு விஷயம் ஆகும்.” ஒன்பது சொல் இருபது ஆகிவிட்டது. ஒற்று போச்சு, ‘கேட்காமலேயே’வில் இருந்த அழுத்தம் போச்சு, கடைசியில் ஒட்டிய வாலில் அத்தையே காணாமல் போய்விட்டாள். ஏன் இப்படி என்று கேட்டேன். “750 வரலைன்னா பச்சை டிக் விழாதுண்ணே” என்றாள்.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். தினமும் பரிசு எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் கை கற்றுக்கொள்ளும். சொல்லை உடைத்தால் டிக் விழுகிறது, ‘என்பது குறிப்பிடத்தக்கது’ போட்டால் டிக் விழுகிறது, அப்புறம் அதுவே நடையாகிவிடுகிறது. ஆப்பை விட்ட பிறகும் அந்தப் பழக்கத்தைக் கழற்ற அவளுக்கு மாதக்கணக்கில் ஆனது. அவ்வளவு நல்ல கண் உள்ள ஒருத்தியின் அத்தனை மாத உழைப்பு ஒரு பச்சை டிக்குக்காக வீணானதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எழுத்தை எண்ணலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதுவும் சரியாக வராது. ‘மதுரை’ நமக்கு மூன்றெழுத்து, கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் துணைக்குறிகள் தனித்தனி என்பதால் பல ஆப்களில் ஐந்து என்று காட்டும். நேரத்தை இலக்காக வையுங்கள், இருபது நிமிடம் போதும். எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆப் கேட்டால் 200 போடுங்கள்.

ஒரு நாள் விட்டதும் எல்லாவற்றையும் விட்டுவிடுவது

விடாமல் எழுதிய நாள்களின் தொடர் அறுந்து எண் பூஜ்யத்துக்குப் போனதும் ஆப்பையே அழித்துவிடுகிறவர்கள் உண்டு. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள், இருபதாம் நாள் வீட்டில் ஒரு விசேஷம் வந்து எழுத முடியாமல் போயிருக்கும். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பழக்கம் தானாக வர நடுவாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தொடர் எண்ணை மறைக்க வழி இருந்தால் மறைத்துவிடுங்கள். லூப் ஹேபிட் டிராக்கர் என்ற இலவச ஆப், பழக்கத்தின் வலுவை மதிப்பெண்ணாகக் காட்டும், ஒரு நாள் விட்டால் கொஞ்சம்தான் இறங்கும். எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது.

நிறுத்தினால் எழுதியதை அழிக்கும் ஆப்

ஐந்து நொடி கை நின்றால் எல்லாம் போய்விடும் வகை. ஆங்கில எழுத்தில் அடித்து, தமிழ்ச் சொல்லைப் பட்டியலில் தேடி எடுக்கிறவர்களுக்கு ஆகவே ஆகாது.

மாதத்துக்கு ஒரு புது ஆப்

வேண்டாம்.

மணி பார்த்து நினைவூட்டல் வைப்பது

இரவு ஒன்பது என்று வைத்தால் ஒன்பதுக்கு நீங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பீர்கள், தள்ளிவிடுவீர்கள், நாலு நாளில் அந்தச் சத்தமே காதில் விழாது. தினமும் எப்படியும் நடக்கும் ஒன்றோடு சேர்த்துவிடுங்கள்: காலைக் காபி குடித்ததும், குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்றியதும். லாலியின் ஆய்வில் கலந்துகொண்டவர்களும் புதுப் பழக்கத்தை இப்படி ஒன்றோடு சேர்த்துத்தான் செய்தார்கள்.

எழுத்தை ஆப்புக்குள்ளேயே வைத்திருப்பது

போன் தொலையும், நிறுவனம் மூடும், சந்தா முடியும். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். வெளியே எடுக்கவே வழி தராத ஆப்பாக இருந்தால் முதல் நாளே விட்டுவிடுங்கள்.