சாமுராய் பலகை ஆட்டம்: நிறைய காய் எடுத்தும் தோற்பது ஏன்?

ரெய்னர் க்னீட்சியா வடிவமைத்து 1998இல் வெளியான ‘சாமுராய்’ ஆட்டத்தின் விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஜப்பான் வரைபடத்தில் ஊர்கள். ஊர்களில் தலைக்கவசம், புத்தர், நெல்வயல் என மூன்று வகைக் காய்கள். சுற்றியுள்ள அறுகோணக் கட்டங்களில், பலத்தைக் காட்டும் எண் போட்ட உங்கள் சில்லுகளை வைக்கிறீர்கள். ஊரை ஒட்டிய நிலக்கட்டங்கள் எல்லாம் நிரம்பியதும், அங்கே யாருடைய பலம் அதிகமோ அவருக்குக் காய். இவ்வளவுதான். ஆனால் வெற்றியாளரை முடிவு செய்யும் விதியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

புதிதாக ஆடுபவர்கள் கண்ணில் பட்ட காயை எல்லாம் அள்ளுவார்கள். நான்கு பேர் ஆடும்போது வகைக்கு 13 காய்கள். நீங்கள் மூன்று வகையிலும் நான்கு நான்காக 12 எடுத்துவிட்டீர்கள். மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு வகையில் 5 வைத்திருக்கிறார்கள் என்றால், நீங்கள் போட்டியிலேயே இல்லை. ஒரு வகையிலாவது மற்ற எல்லோரையும்விட அதிகம் வைத்திருப்பவர்தான் இறுதிக் கணக்குக்கு வருவார். இரண்டு வகையில் முன்னிலை பெற்றவர் இருந்தால் அப்போதே ஆட்டம் அவருடையது. இல்லையென்றால், முன்னிலை பெற்ற வகையை ஒதுக்கிவிட்டு மீதிக் காய்களை எண்ணுவார்கள்.

இதை எதிர்ப்பக்கமாகவும் பாருங்கள். தலைக்கவசத்தில் 5 எடுத்தாலே முன்னிலை உறுதி என்ற நிலையில் 8 வரை துரத்துவது வீண்வேலை. அந்த மூன்று நகர்வுகளில் புத்தரோ நெல்லோ எடுத்திருந்தால் அதற்குக் கணக்கு உண்டு. க்னீட்சியா கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இந்த விதியைப் பார்த்தாலே அது தெரியும்!

அடுத்தது, கடைசிக்கு முந்தைய கட்டத்தை நிரப்பும் அவசரம். ஓர் ஊரைச் சுற்றி இரண்டு நிலக்கட்டங்கள் காலி. நீங்கள் ஒன்றை நிரப்புகிறீர்கள். அடுத்தவர் மிச்சத்தை நிரப்பிக் காயை எடுத்துக்கொண்டு போவார். சரி, இரண்டு காலி இருந்தால் தொடாமல் விட்டால் போதுமா? அதுவும் போதாது. ஒரு முறைக்குச் சாதாரணச் சில்லு ஒன்றுதான் வைக்கலாம். ஆனால் கப்பல், ரோனின் (தலைவன் இல்லாத சாமுராய்) போன்ற விரைவுச் சில்லுகளை அதோடு சேர்த்து எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். ரோனின் கையில் இருப்பவர் இரண்டு கட்டத்தையும் ஒரே முறையில் அடைத்துவிடுவார். அப்புறம் கப்பல்: அது கடலில்தான் நிற்கும், நிலக்கட்டத்தை அடைக்காது, ஆனால் பக்கத்து ஊரில் அதன் பலம் சேரும். கரையோர ஊரில் கணக்குப் போடும்போது இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். விரைவுச் சில்லுகளைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். அதற்காகக் கை முழுக்க அவற்றையே பூட்டி வைப்பதும் சரியல்ல. அப்படிச் செய்தால் தேர்ந்து வைக்க வேறு சில்லே இருக்காது.

புத்தர் இல்லாத ஊருக்கு அருகே 4 பலமுள்ள புத்தர் சில்லை வைத்தால் அங்கே அதன் மதிப்பு பூஜ்யம். சாமுராய் சில்லுக்கு எண் சிறியது, ஆனால் மூன்று வகைக்கும் செல்லும். மூன்று காய்களும் ஒன்றாக நிற்கும் எடோவில் (இன்றைய டோக்கியோ) அதற்குத்தான் மதிப்பு. இரண்டு ஊர்களை ஒட்டிய கட்டம் கிடைத்தால் அங்கே வையுங்கள்.

சமநிலையைப் பலர் தோல்வியாகவே நினைக்கிறார்கள். பலம் சமமானால் காய் யாருக்கும் இல்லை, ஓரமாக எடுத்து வைக்கப்படும். முன்னிலையில் இருப்பவருக்குப் போகவிருந்த காயைச் சமன் செய்து முடக்குவது நல்ல நகர்வு. ஆனால் அப்படி ஒதுக்கிய காய்கள் நான்கானால் ஆட்டம் முடிந்துவிடும். ஏதாவது ஒரு வகையின் கடைசிக் காய் பலகையை விட்டுப் போனாலும் முடிவுதான். எடுத்த காய்கள் திரைக்குப் பின்னால் மறைந்திருப்பதால், யாரிடம் எது எவ்வளவு என்று மனதில் எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். மூன்று காய் ஒதுங்கிய பிறகு பின்தங்கியிருப்பவர் இன்னொரு சமநிலை உண்டாக்கினால், தன் தோல்வியைத் தானே அறிவிப்பதாகிவிடும்.